உருக்கினால் கருப்பட்டி, இழுத்தால் ரப்பர்

போன சித்திரையில் என் செருப்பு சுருங்கிப்போனது.

வேட்டி சுருங்கும், சட்டை சுருங்கும், செருப்பு சுருங்குமா? சாயல்குடி வீட்டில், கொல்லைப்புறத் தகரக் கூரைமேல் கழுவிக் காயவைத்திருந்தேன். தோலோ தையலோ கிடையாது. ஒரே வார்ப்பில் வந்த, கையில் எடுத்தால் எடையே தெரியாத, பஞ்சு மாதிரியான செருப்பு. எட்டாம் நம்பர். வைத்ததை மறந்து மூன்றாம் நாள் எடுத்து மாட்டினால் குதிகால் இரண்டு விரற்கடை வெளியே தொங்குகிறது. எங்கும் கிழியவில்லை, உருகி வழியவில்லை. அடியில் பொறித்திருந்த 8 என்ற எண்கூட அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் பொடிசாகி. "ஒனக்குக் காலு வளந்திருச்சாடா?" என்று கேட்டாள் அப்பத்தா.

அத்தை மகனுக்குப் போன் போட்டேன். மச்சான் சென்னை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்பு ஷெட்டில் ஆபரேட்டர். கிண்டியில் 1968இல் தொடங்கிய, ஊரெல்லாம் 'சிப்பெட்' என்று சொல்கிற மத்திய பிளாஸ்டிக் நிறுவனத்தில் பயிற்சி முடித்தவன். கதையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தான். "அது சுருங்கலை மாப்ள. பொறந்த சைஸப் பாத்துத் திரும்பிப் போய்க்கிட்டிருக்கு. நைட் ஷிப்ட் அன்னைக்கு வா, உள்ள கூட்டிட்டுப் போறேன்."

செருப்புக்குப் பிறந்த சைஸா? அந்த ஒரு வார்த்தைக்காக பஸ் ஏறினேன்.

இரவு பத்து மணிக்கு ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. மெழுகுவத்தியும் ஜூன் மாதத்துப் புதுப் புத்தகப் பையும் கலந்த மாதிரி ஒன்று. சுவரோரம் இருபத்தைந்து கிலோ மூட்டைகள். ஒரு மூட்டையில் கையை விட்டால் ஜவ்வரிசி மாதிரிக் குருணை. இன்னொன்றில் இடித்து வைத்த பச்சரிசி மாவு மாதிரி, ஆனால் விரலில் ஒட்டாத வெள்ளைப் பொடி. ஒரு குருணையை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். பல் இறங்கியது, விட்டதும் பள்ளம் தானாக மேலெழுந்து மறைந்தது. கல் மாதிரி உருளுகிற ஜவ்வரிசி, கடித்தால் ரப்பர்! அப்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை.

முழுப்பெயர் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டமர். அப்படி யாரும் அங்கே கூப்பிடுவதில்லை. பொதுவாக 'டிபிஇ'. ஷூவுக்கு அடிப்பாகம் வார்க்கிறவர்கள் வாயில் அது 'டிபிஆர்'. மொபைல் கவர் ஆட்களுக்கு 'டிபியு'. ஒரே குடும்பத்தின் பங்காளிகள், ஆளுக்கொரு குணம். குடும்பத்துக்குப் பொதுவான குணம் ஒன்றே ஒன்று: குளிர்ந்து இருக்கும்போது ரப்பர், சூடாக்கினால் பாகு, மறுபடி ஆறவிட்டால் மறுபடி ரப்பர்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள் அசல் ரப்பரின் கதையைக் கேட்கவேண்டும். மரத்திலிருந்து இறக்கிய ரப்பர்ப் பால் உறைந்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைக் கலந்து சூடுகாட்டினார். ரப்பரின் நீள நீளமான இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. பிசுபிசுப்பும் போயிற்று, விறைப்பும் போயிற்று. டயர், பெல்ட், குக்கர் கேஸ்கட் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் அந்தக் கட்டு ஆயுசுக்கும் கட்டு. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது அல்லவா, அதே கதைதான். தப்பாக வார்த்துவிட்டால் குப்பை. ஓரத்தில் பிதுங்கியதை வெட்டினால் அதுவும் குப்பை. வேகவைக்கவும் நேரம் பிடிக்கும், நிமிஷக் கணக்கில்.

அந்த ரப்பருக்காக நம் சனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது! 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த வருஷமே கன்றாக இலங்கைக்கு வந்து ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றப்பட்டன. பிறகு மலாயா. பின்னிரவில் எழுந்து பால்மரம் சீவப்போன தமிழர்களின் வாழ்க்கையை அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்று ஒரு நாவலாகவே எழுதினார். ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருவதுண்டு. பேரன்களில் ஒருத்தனான என் மச்சான், மரமே இல்லாத ரப்பரை அம்பத்தூரில் உருக்கிக்கொண்டிருக்கிறான்.

சரி, கந்தகக் கட்டு இல்லாமல் இது எப்படி ரப்பராக நிற்கிறது? மச்சான் விளக்கியது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. காரணம், அவனும் நானும் கருப்பட்டி காய்ச்சும் ஒரே விடிலியில் வளர்ந்தவர்கள். பதநீர் கொதிக்கும் வட்டச் சட்டியைச் சுற்றி ஓடியவர்கள்.

"மூக்கையூர்ல வலை பாத்திருக்கேல்ல? நூலு எதுக்கு, முடிச்சு எதுக்கு?"

"நூலு வளையும். முடிச்சு பிடிச்சு நிறுத்தும்."

"அந்த முடிச்சை நூல்ல போடாம, கருப்பட்டியில போட்டா?"

அவ்வளவுதான் விஷயம்! கருப்பட்டியால் முடிச்சிட்ட வலை. ஆறியிருக்கும்போது முடிச்சு கெட்டி. வலையை இழுக்கலாம், விட்டால் பழைய உருவத்துக்கு வரும். அடுப்பில் வைத்தால் முடிச்சுகள் எல்லாம் இளகி, வலையே கூப்பனிப் பாகு மாதிரி ஓடும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் முடிச்சுகள் திரும்ப இறுகும், புது உருவத்தில்.

விஞ்ஞானக் கணக்கில் சொன்னால், டிபிஆரில் ஒவ்வொரு இழையும் மூன்று துண்டு. இரண்டு முனையிலும் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மாகோலின் தாய்ப்பொருள். அறைச் சூட்டில் கண்ணாடிபோல் விறைப்பானது, 100 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இளகத் தொடங்கும். நடுவில் பாலிபியூட்டடையீன், நல்ல குளிரிலும் நெளிந்துகொண்டே இருக்கிற ஆசாமி. எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாது. அதனால் விறைத்த முனைகள் தங்களுக்குள் கூடிச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்துகொள்கின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 20, 30 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டலாம். அந்த உருண்டைகள்தான் முடிச்சு. நடுத்துண்டுகள்தான் நூல். யாரும் உட்கார்ந்து முடியவில்லை. ஆறும்போது தானே முடிந்துகொள்கிறது. ஷெல் நிறுவனம் 1965இல் இதைக் 'கிரேட்டான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷூவின் அடிப்பாகங்கள்தான் முதலில் இதைக் கையோடு வாரிக்கொண்டன.

ஷெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது எண்ணெய் குடிக்கும் காட்சி. அந்த வெள்ளைப் பொடி இருந்ததே, அது 'எஸ்இபிஎஸ்'. கிரேட்டான் வகையின் நடுத்துண்டில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் கொடுத்து அடைத்த வடிவம். அண்டாவில் பொடியைக் கொட்டி, மேலே வெள்ளை எண்ணெயை ஊற்றினான். நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகளுக்குத் தடவுகிற பாரஃபின் எண்ணெய் ஜாதி. பொடியின் எடைக்குச் சமமாக ஊற்றினான். அப்புறம் இன்னும் அரைப் பங்கு. சொதசொதவென்று ஆகும் என்று நான் ஒதுங்கி நின்றால், கொஞ்ச நேரத்தில் எண்ணெயையே காணோம்! பொடி அப்படியே உதிரி உதிரியாக, கொஞ்சம் உப்பி, வறுத்த ரவை மாதிரிக் கிடக்கிறது. கையால் பிழிந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. நடுத்துண்டுகளுக்கு எண்ணெய் என்றால் உயிர், முனைகளுக்கோ ஆகாது. எனவே நூல் மட்டும் எண்ணெயில் ஊறித் தளர்கிறது, முடிச்சு இறுக்கமாகவே இருக்கிறது. எண்ணெய் கூடக்கூடப் பொருள் மெத்தென்றாகும். கூடவே கெட்டிப்புக்குக் கொஞ்சம் பாலிபுரொப்பிலீன், செலவைக் குறைக்கச் சுண்ணாம்புத்தூள். யாருக்கு எந்த அளவு என்பது ரகசியம். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் மச்சான் எனக்குக் காட்டவில்லை. அத்தை மகன் என்றாலும் தொழில் தொழில்தான்.

ஊறிய ரவை அடுத்து இரட்டைத் திருகு ஓடும் நீண்ட குழாய்க்குள் போகிறது. 200 டிகிரியை ஒட்டிய சூடு. மறுமுனையில் ஓட்டைத் தகடு. அதிலிருந்து ஏழெட்டு இழைகள் ஆவி பறக்க வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியில் நீந்தி, கடைசியில் கத்திச் சக்கரத்தில் நறுக் நறுக் என்று குருணையாகின்றன. இடியாப்ப உரலும் அரிவாள்மனையும் ஒரே வரிசையில் நின்றால் எப்படி, அப்படி. மூட்டையில் நான் கடித்துப் பார்த்த ஜவ்வரிசி இங்கேதான் பிறந்திருக்கிறது.

அடுத்த கொட்டகையில் வார்ப்பு எந்திரங்கள். மேலே புனல் மாதிரி ஹாப்பர், கீழே சுருள் திருகு சுழலும் பேரல், சுற்றிலும் ஹீட்டர் பட்டைகள். உருகிய பொருளைத் திருகு முன்னுக்குத் தள்ள, அது மூடியிருக்கும் அச்சுக்குள், அதாவது டைக்குள், பாய்கிறது. டைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. முப்பது, நாற்பது வினாடி. டை திறக்கிறது, ஊசிகள் முன்னால் வந்து தள்ள, பொத் பொத்தென்று நான்கு உருப்படிகள் கூடையில் விழுகின்றன. மறுபடி மூடுகிறது. கந்தக ரப்பர் நிமிஷக் கணக்கில் அச்சுக்குள் வெந்துகொண்டிருக்க, இது அதற்குள் பல ஈடு எடுத்துவிடுகிறது. அன்று ஓடியது ஏதோ மிக்சியின் அடியில் மாட்டும் பிடிப்புக் கால்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு மனுஷன் மிக்சிக் காலைப் பார்த்துக் கைதட்டுவானா? தட்டினேன்.

பக்கத்து எந்திரம் இன்னும் ஜோர். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி. முதல் அச்சில் விறைப்பான பாலிபுரொப்பிலீன் உடம்பு. அதை எடுத்து இரண்டாவது அச்சில் வைக்க, பெருவிரல் படுகிற இடத்தில் மட்டும் மெத்தென்ற டிபிஇ போய் உட்காருகிறது. பசை கிடையாது, ஆணி கிடையாது. டிபிஇக்குள்ளேயே பாலிபுரொப்பிலீன் கலந்திருப்பதால், சூட்டில் இரண்டின் மேல்தோலும் இளகிப் பின்னிக்கொள்கின்றன. அதையே நைலான் கைப்பிடிமேல் வார்த்தால் பழுத்த இலை மாதிரி உரிந்து வந்துவிடும். நைலானுக்கென்று தனிச் சரக்கு வேண்டும். சம்பந்தம் பேசுவதில் இவர்களும் கோத்திரம் பார்க்கிறார்கள்!

வார்த்து முடிந்ததும் உருப்படிகளை இணைத்திருக்கும் காம்பை, 'ரன்னர்' என்பார்கள், வெட்டி ஒரு டப்பாவில் போடுகிறார்கள். அது நேரே அரவை எந்திரத்துக்குப் போய், துகளாகி, புதுக் குருணையோடு ஒரு பங்காகத் திரும்ப ஹாப்பருக்கு வருகிறது. "உடைஞ்ச கருப்பட்டியை அம்மாச்சி அடுத்த சட்டியில போடுவாள்ல," என்றான். எத்தனை தடவை போடலாம் என்று கேட்டேன். "கருப்பட்டியை எத்தனை தடவை காய்ச்சலாம்?" என்று திருப்பிக் கேட்டான். சரிதான். ஒவ்வொரு கொதிக்கும் நிறம் இருளும், வாசம் கருகும். இங்கேயும் ஒவ்வொரு உருக்கலுக்கும் இழைகள் கொஞ்சம் அறுந்து, சரக்கு மஞ்சளாகி, பலம் குறையும்.

டிபியு மூட்டைகளுக்கு மட்டும் தனி மரியாதை. அவற்றை நேரே எந்திரத்தில் போடுவதில்லை. மணிக்கணக்கில் சூடான காற்றில் உலர்த்தித்தான் போடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு உருக்கினால் இழை அறுந்து, உருப்படியில் கொப்புளம் விழும். ஐப்பசி மழையில் கசியாமலிருக்க அப்பத்தா கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவைப்பாள். அந்தப் பரணுக்கு அம்பத்தூரில் பெயர் டிரையர்.

அடுத்து அவன் மேசை டிராயரிலிருந்து ஒரு கருவி எடுத்தான். கடிகார முகம், அடியில் சின்ன ஊசி. அழுத்தினால் ஊசி எவ்வளவு உள்ளே போகிறது என்பதை வைத்து 0 முதல் 100 வரை கடினத்தைச் சொல்லும். 'ஷோர் ஏ' அளவு. கையில் கிடைத்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ரப்பர்க் கயிறுகளைக் கத்தையாக வைத்து அழுத்தினேன்: முப்பதைத் தாண்டியது. காவலாளியின் ஷூ அடிப்பாகம்: அறுபத்து மூன்று. என் மொபைல் கவர்: தொண்ணூறு பக்கம். தடிமன் போதாது, இதெல்லாம் சரியான அளவே இல்லை என்று மச்சான் கத்திக்கொண்டிருந்தான். நான் என் காது மடலுக்குப் போய்விட்டேன். முள் எழவே இல்லை. அதைவிட மெத்தென்ற சரக்குக்கு 'ஷோர் டபுள் ஓ' என்று வேறு கருவி உண்டாம். இளம் நுங்குக்கு அதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன். யாராவது வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

விடிகாலை மூன்று மணி. "வா, ஒன் செருப்பைப் பாக்கலாம்" என்று இரண்டு தெரு தள்ளி, தெரிந்தவர் ஷெட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஓடுவது ஈவிஏ. எத்திலீனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த சரக்கு. கூடவே நுரைக்க வைக்கும் பொடியும் இழைகளைக் கட்டும் பெராக்சைடும். அச்சைப் பார்த்ததுமே ஏமாந்துபோனேன். சின்னப் பிள்ளை செருப்பு அளவுதான் இருந்தது. "இது பெரியவங்க சைஸ்தான், பேசாம பாரு." சுமார் 170, 180 டிகிரியில் சில நிமிஷம் மூடியே இருந்தது. அப்புறம் டை திறந்தது.

டப்!

செருப்பு வெளியே குதித்தது. விழுகிறபோதே பெரிதானது. கண்ணெதிரே, சோளப்பொரி வெடிக்கிற வேகத்தில், அச்சைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளத்துக்கு உப்பி எட்டாம் நம்பர் ஆகி மேசையில் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே அடைபட்டிருந்த வாயு, டை திறந்த அந்த நொடியில் லட்சக்கணக்கான சின்ன அறைகளை ஊதிவிட்டது. நான் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டு ஆறு ஜோடி பார்த்தேன். அங்கிருந்தவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

ஆக, பிறந்த சைஸ் அதுதான். என் தகரக் கூரையின் சித்திரைச் சூட்டில் ஈவிஏ இளகி, அறைகளுக்குள்ளிருந்த காற்று விட்டுப்போக, இழுபட்டு நின்ற சுவர்கள் பழைய நினைப்பில் உள்ளே வாங்கியிருக்கின்றன. செருப்பு அச்சைத் தேடிப் போயிருக்கிறது. நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும்: பெராக்சைடு கட்டிவிட்டபின் இந்தச் செருப்பை டிபிஇ குடும்பத்தில் சேர்க்கமுடியாது. இளகும், ஆனால் இனிப் பாகாக ஓடாது. குருணையாக இருக்கும்வரை கருப்பட்டிக் கட்சி. அச்சுக்குள் போனதும் இட்லிக் கட்சி. எங்கள் பக்கத்துக் கமுதியில் 2016இல் எழும்பிய 648 மெகாவாட் சூரியமின் பூங்காவைப் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். இம்மாதிரிச் சூரியத் தகடுகளில் கண்ணாடிக்கும் சில்லுக்கும் நடுவே பெரும்பாலும் இருப்பது இதே ஈவிஏதான், நுரைக்காத மெல்லிய தாளாக. வெற்றிடத்தில் 150 டிகிரி வாக்கில் அழுத்தும்போது உருகிச் சில்லுகளைக் கட்டிப்பிடித்து, அங்கேயும் கட்சி மாறிவிடுகிறது.

ஊர் திரும்பினேன். அதன்பின் சாயல்குடிக் கடைவீதியில் நிம்மதியாக நடக்கமுடியவில்லை. எதைப் பார்த்தாலும் கிள்ளத் தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டு ஓரம் சரம் சரமாகத் தொங்கும் மொபைல் கவர்களில் கண்ணாடி மாதிரித் தெளிவாக வளைகிறவை எல்லாம் டிபியு. ஆறு மாதத்தில் பழுத்த வாழையிலை மஞ்சளாகிறதே, அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். அழுக்கில்லை. வழக்கமான டிபியுவின் விறைத்த துண்டுகளில் இருக்கும் வளைய மூலக்கூறுகள் வெயில் பட்டு நிறம் மாறுகின்றன. சோப்பு வீண்.

கடலாடி சாலையில் மாடு ஒன்று குறுக்கே நின்றது. காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண். மாட்டு ஆதார் என்று நாம் கேலி செய்கிற அதுவும் டிபியுதான்! எங்கள் சீமையில் மாடு மேய்வது சீமைக்கருவேலங் காட்டில். விறைப்பான வில்லை என்றால் முள்ளில் மாட்டிக் காதைக் கிழித்துவிடும். தகரம் என்றால் துருவேறிப் புண்ணாக்கும். இது வளைந்து கொடுத்து, நழுவி, திரும்ப நிமிர்ந்துகொள்கிறது. வருஷக்கணக்கில் வெயில், மழை, இன்னொரு மாட்டின் நாக்கு, எல்லாவற்றையும் தாங்கவேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு அந்த வில்லையைக் கிள்ளிப் பார்க்கப் போனேன். மாட்டுக்கு அதில் சம்மதமில்லை.

கடற்கரைக்குப் போனால் வலையின் மேல்கயிற்றில் கோத்திருக்கும் மிதவைகள் நம்ம ஈவிஏ நுரை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரலில் துணிச் சுற்று, காலில் தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, கண்ணில் நீச்சல் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் விளிம்பில் இருக்கும் மெத்தென்ற வளையத்தில்தான் காரியமே இருக்கிறது. கொஞ்சம் விறைத்தால் உப்புத்தண்ணீர் கசிந்து கண் எரியும். ரொம்ப மெத்தென்றிருந்தால் அழுத்தம் தாங்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் பாசி தேடுகிற அந்த நேரம், ஷோர் கருவியின் முள்ளில் நாலைந்து எண் இப்படியோ அப்படியோ என்பதில் நிற்கிறது. அம்பத்தூரில் விளையாட்டாக இருந்த அந்தக் கருவி எனக்கு அப்போதுதான் கொஞ்சம் கனத்தது.

கிறுக்குப் பிடித்தவன் புகழ்வதை அப்படியே நம்பவேண்டாம். எங்கே சூடும் அழுத்தமும் சேர்ந்து வருகிறதோ அங்கே இந்தக் கருப்பட்டி முடிச்சு தோற்கும். குக்கருக்குள் 120 டிகிரி. சாதா டிபிஇயில் கேஸ்கட் செய்து போட்டால் முதல் விசிலுக்கே முடிச்சுகள் இளகி, அமுங்கியது அமுங்கியபடியே கிடந்துவிடும். லாரி டயருக்கும் இது உதவாது. அங்கெல்லாம் கந்தகமும் சிலிக்கோனும்தான் ராஜா. ஹைட்ரஜன் கொடுக்காத மலிவு டிபிஆர் வேறு, எங்கள் ஊர் வெயிலுக்கும் ஓசோனுக்கும் தன் இரட்டைப் பிணைப்புகளைப் பறிகொடுத்து விரிசல் விடும். மச்சான் சொல்வான்: "பீச் பக்கம் விக்கிற சரக்குன்னா எஸ்இபிஎஸ் கேளு. வெலை கூடத்தான். கேளு."

மறு உருக்கல் பேச்சும் ஷெட்டுக்குள் மட்டும்தான் அழகு. அங்கே எந்த மூட்டையில் எது என்று தெரியும். வாலிநோக்கம் மணலில் ஒதுங்கிக் கிடக்கும் ஒற்றைச் செருப்புகளில் எது டிபிஆர், எது ஈவிஏ, எது பிவிசி என்று யார் கண்டார்கள்? ஜோடியே இல்லாதவற்றுக்கு ஜாதகம் எங்கே பார்ப்பது! மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் இந்தச் சிக்கலின் ஒரு முனையைப் பிடித்தார்: பிளாஸ்டிக் பைக் கழிவைத் துண்டாக்கிச் சூடான ஜல்லிமேல் தூவி, அதன்மேல் தார் கலந்து சாலை போட்டார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைக்காரர்களுக்கு நம்ம கிரேட்டான் வகையும் பழக்கம்தான்; தாரில் கலந்தால் அதே முடிச்சு வேலையைச் செய்து, கோடையில் சக்கரத் தடம் பதியாமல் பார்த்துக்கொள்கிறது. ஒற்றைச் செருப்புக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன். அம்பத்தூரிலிருந்து கிளம்பும் அன்று காலை ஷெட்டில் நிறம் மாற்றினார்கள். பழைய நிறத்தைப் பேரலிலிருந்து துப்பவைக்க, சரக்கைச் சும்மா வெளியே ஓடவிடுவார்கள். பேரல் முனையிலுள்ள நாசில் வழியே கரும்பழுப்பில் பாகு இறங்கிக் கொழகொழவென்று குவிந்தது. அதற்குப் பெயர் 'லம்ப்ஸ்'. ஆறியதும் வெட்டி அரவைக்குப் போகும். மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தான். ஊரிலிருந்து எப்போதோ கொண்டுவந்தது. நாசிலுக்குக் கீழே பிடித்து, நிரப்பி, ஒரு பலகையால் மேலே அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். இரண்டு டீ குடித்து வந்தபின் சிரட்டையைத் தட்டினால், வழுக்கென்று வெளியே வந்தது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, சிரட்டையின் மூன்று கண் தழும்புகூட அச்சாகப் பதிந்திருந்தது.

"அம்மாச்சிக்கிட்டக் குடு. நான் காய்ச்சினதுன்னு சொல்லு."

கொடுத்தேன். அப்பத்தா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள், முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள். "பதம் தப்பிருச்சு. சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே, காப்பிக்கு உடைக்கிற வழக்கத்தில் கையை ஓங்கித் திண்ணைக் கல்லில் ஓர் அடி போட்டாள்.

அது அவள் கையிலிருந்து பறந்து நிலைப்படியில் மோதி, முற்றத்தில் இரண்டு குதி குதித்து, வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் போய் நின்றது. ஆடு குனிந்து ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது.